அடுத்த வியாழனும் அதே மருத்துவர்

(ஆளுமைக் கோளாறு உள்ளவர்களின் சிகிச்சையில் நம்பிக்கை எப்படி உருவாகிறது என்பது பற்றி கொச்சியின் வைப்பின் தீவில் நிகழ்ந்த பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சென்னை, கொழும்பு, பிரேசிலின் கம்பினாஸ், ஈரானின் கராஜ், சீனாவின் யுன்செங். இந்த ஐந்து ஊர்களின் அவசரச் சிகிச்சைப் பிரிவுகளில் உலக சுகாதார நிறுவனம் ஓர் ஆய்வு நடத்தியது. தற்கொலைக்கு முயன்று உயிர் பிழைத்த 1,867 பேர் அதில் சேர்க்கப்பட்டார்கள். ஏறக்குறையப் பாதிப் பேருக்கு அந்தந்த மருத்துவமனையின் வழக்கமான சிகிச்சை கிடைத்தது. மற்றவர்களுக்கு அதோடு கூடுதலாக இரண்டு விஷயங்கள். வீட்டுக்கு அனுப்பும் முன் ஒருவர் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசினார். பிறகு பதினெட்டு மாதங்களில் ஒன்பது முறை தொலைபேசியிலோ நேரிலோ விசாரித்தார்கள். முதல் வாரம், இரண்டாம் வாரம், நான்காம் வாரம், ஏழாம் வாரம், பதினோராம் வாரம். அதன்பின் நான்காம் மாதம், ஆறாம் மாதம், ஓராண்டு, ஒன்றரை ஆண்டு. எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்பார்கள். உதவி தேவைப்பட்டால் எங்கே போகலாம் என்று சொல்வார்கள். அவ்வளவுதான்.

2008இல் முடிவுகள் வெளியாயின. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 2.2 சதவீதம் பேர் அந்தப் பதினெட்டு மாதங்களுக்குள் தற்கொலையால் இறந்திருந்தார்கள். விசாரிக்கப்பட்டவர்களில் அது 0.2 சதவீதம்.

சென்னையில் இந்த ஆய்வை நடத்தியவர் மருத்துவர் லட்சுமி விஜயகுமார். 1986இல் சென்னையில் 'ஸ்நேகா' தற்கொலைத் தடுப்பு மையத்தைத் தொடங்கியவரும் அவர்தான். அந்த மையத்தில் தொலைபேசியை எடுப்பவர்கள் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள். அவர்கள் அறிவுரை சொல்வதில்லை, கேட்டதை வெளியே சொல்வதில்லை, அழைத்தவரை எடைபோடுவதில்லை. பேசுகிறவரின் சொல்லை முழுதாகக் கேட்பதே அவர்களின் வேலை.

ஒன்பது விசாரிப்புகளில் மருந்து ஏதும் இல்லை. ஆழமான உளப்பகுப்பாய்வும் இல்லை. சொன்ன நாளில் சொன்னபடி ஒருவர் வந்தார் என்பது மட்டுமே இருந்தது. இன்றைய பேச்சின் பொருள் அந்த ஒன்றுதான். தற்கொலைக்கு முயன்ற எல்லோருக்கும் ஆளுமைக் கோளாறு இருப்பதாகச் சொல்ல முடியாது. அந்த ஆய்வும் ஆளுமைக் கோளாறுக்கென்று தனியே நடந்ததல்ல. ஆனால் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குத் திரும்பத் திரும்ப வருகிறவர்களில், 'மறுபடியும் நீயா?' என்ற பார்வையை வாங்கிக்கொள்கிறவர்களில், ஆளுமைக் கோளாறு உள்ளவர்கள் நிறையப் பேர். யாரையும் நம்ப முடியாமல் வாழ்கிறவர்களை ஒரு மருத்துவரை நம்ப வைப்பது எப்படி என்பதே கேள்வி.

ஆளுமைக் கோளாறு என்றால் என்ன? கெட்ட குணம் என்று பொருளல்ல. தன்னைப் பற்றிய உணர்வும் பிறரோடு பழகும் விதமும் இளம்வயதிலேயே ஒரு தடத்தில் இறுகிப்போய், அந்தத் தடம் வாழ்க்கையின் எல்லா இடங்களிலும் வலியையே கொண்டுவருகிற நிலை அது. எவரையும் சந்தேகிக்கிறவர்கள், பிறர் உரிமையை மதிக்காதவர்கள், தன்னைப் பெரிதாக நினைத்துக்கொண்டே உள்ளுக்குள் நொறுங்குகிறவர்கள் என்று பல வகையினர் உண்டு. 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல், பழைய வகைப் பெயர்களில் பெரும்பாலானவற்றைக் கைவிட்டு, கோளாறு எவ்வளவு கடுமையானது என்பதையே முதலில் பார்க்கச் சொல்கிறது. ஆனாலும் மருத்துவமனைப் பேச்சில் இன்னும் நிற்கிற பெயர் 'பார்டர்லைன்'. தமிழில் எல்லைநிலை ஆளுமைக் கோளாறு. 1938இல் அமெரிக்க உளப்பகுப்பாய்வாளர் அடால்ஃப் ஸ்டெர்ன் அந்தச் சொல்லை ஒரு நோயாளிக் கூட்டத்துக்குப் பயன்படுத்தினார். 1980இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் அது நோயாக இடம்பெற்றது.

ஒரு கல்லூரி மாணவியை எண்ணிப்பாருங்கள். தோழி ஒரு செய்திக்குப் பதில் போடவில்லை. மற்றவர்களுக்கு அது அரை மணி நேர எரிச்சல். இவருக்கு உலகமே கைவிட்டது. கோபம், கெஞ்சல், வெறுமை, தன்னையே காயப்படுத்திக்கொள்ளும் வேகம் எல்லாம் ஒரே மாலையில் வந்துபோகின்றன. மறுநாள் காலை தோழி பேசிவிட்டால் அவரைப் போல உலகில் யாருமில்லை. இந்த ஏற்ற இறக்கத்தைத்தான் வீட்டார் 'நடிப்பு' என்கிறார்கள், விடுதிக் காப்பாளர் 'டிராமா' என்கிறார், சில மருத்துவமனைகளில் 'அட்டென்ஷனுக்காகச் செய்கிறாள்' என்கிறார்கள்.

மருத்துவர்களும் மனிதர்கள். 1988இல் பிரிட்டனில் க்ளின் லூயிஸ், லூயி ஆப்பிள்பி என்ற இருவர் மனநல மருத்துவர்களுக்கு ஒரு நோயாளியின் கதையை எழுதி அனுப்பினார்கள். கதை ஒன்றே. சிலருக்குப் போன பிரதியில் மட்டும், முன்பு இவருக்கு ஆளுமைக் கோளாறு என்று சொல்லப்பட்டது என ஒரு வரி கூடுதலாக இருந்தது. அந்த ஒரு வரியைப் படித்தவர்கள் அதே நோயாளியைத் தொந்தரவு தருபவராக, எரிச்சலூட்டுபவராக, மருத்துவமனை நேரத்துக்கு அவ்வளவாகத் தகுதியற்றவராக மதிப்பிட்டார்கள். மனநல மருத்துவர்களுக்குப் பிடிக்காத நோயாளிகள் என்றே அந்தக் கட்டுரைக்குத் தலைப்பிட்டார்கள். இங்கிலாந்தின் சுகாதாரத் துறை 2003இல் ஓர் ஆவணம் வெளியிட்டு, ஆளுமைக் கோளாறு என்ற பெயரைச் சொல்லி யாரையும் சிகிச்சையிலிருந்து ஒதுக்கக்கூடாது என்று சொல்ல வேண்டி வந்தது. அதுவரை ஒதுக்கினார்கள் என்பதற்கு அதுவே சாட்சி.

ஆக, நோயாளி மருத்துவரை நம்பவில்லை என்று தொடங்குவது பாதிக் கதை. மருத்துவரும் நோயாளியை நம்புவதில்லை. இரு பக்கச் சந்தேகத்தோடு ஒரு மேசை நடுவில் கிடக்கிறது.

மருத்துவர் பக்கத்தைத் திறந்து காட்டியவர் டாம் மெயின். லண்டனுக்கு அருகிலுள்ள காசெல் மருத்துவமனையின் தலைவராக இருந்தவர். அங்கே சில நோயாளிகள் செவிலியர்களை இரண்டு அணிகளாகப் பிரித்துவிடுவது வழக்கமாயிருந்தது. ஓர் அணிக்கு அந்த நோயாளி விசேஷமானவர், அவர் துன்பம் தங்களுக்கு மட்டுமே புரியும். மறு அணிக்கு அவர் ஏமாற்றுக்காரர். மெயின் செவிலியர்களை உட்காரவைத்து நீண்ட நாட்கள் பேசவைத்தார். 1957இல் எழுதிய கட்டுரையில் அவர் பதிவுசெய்த ஒரு செய்தி மறக்கக் கூடாதது. தூக்க மருந்தை எப்போது கொடுத்தோம் என்று செவிலியர்கள் நேர்மையாகத் திரும்பிப் பார்த்தபோது, நோயாளியின் தேவையைவிடத் தங்கள் பொறுமை தீர்ந்துபோன கணம்தான் அதைத் தீர்மானித்திருக்கிறது என்று கண்டார்கள். கலக்கம் செவிலியருடையது. மருந்தை விழுங்கியது நோயாளி. இதை ஒப்புக்கொள்ளும் துணிவு அந்த வார்டில் வந்ததற்குக் காரணம், பேசினால் தண்டனை இல்லை என்ற உறுதி இருந்ததுதான். செவிலியருக்கே அந்த உறுதி தேவைப்பட்டது என்றால் நோயாளிக்கு எவ்வளவு தேவைப்படும்!

நோயாளி பக்கத்தில் என்ன நடக்கிறது? ஹூஸ்டனில் பேய்லர் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 2008இல் 'சயன்ஸ்' இதழில் ஒரு பண விளையாட்டைப் பற்றி எழுதினார்கள். இரண்டு பேர், பத்துச் சுற்றுகள். ஒவ்வொரு சுற்றிலும் முதலாமவர் கையில் 20 டாலர். அதில் விரும்பியதை இரண்டாமவருக்குக் கொடுக்கலாம். கொடுத்தது மூன்று மடங்காகிப் போய்ச் சேரும். அதிலிருந்து எவ்வளவு திருப்பித் தருவது என்பது இரண்டாமவர் முடிவு. எல்லைநிலைக் கோளாறு உள்ள 55 பேர் இரண்டாமவராக ஆடினார்கள். முதலாமவர் சந்தேகப்பட்டுத் தொகையைக் குறைக்கும்போது மற்றவர்கள் செய்தது என்னவென்றால், கிடைத்த சிறு தொகையிலிருந்தும் தாராளமாகத் திருப்பிக் கொடுத்து, 'என்னை நம்பலாம்' என்று சைகை காட்டினார்கள், உறவு சீரானது. எல்லைநிலைக் கோளாறு உள்ளவர்களோ பெரும்பாலும் அப்படிச் செய்யவில்லை. ஒத்துழைப்பு முறிந்து, முறிந்தபடியே நின்றது.

அவர்களின் மூளைப் படங்களில் இன்னொன்றும் தெரிந்தது. சிறு தொகை கிடைத்தால் மற்றவர்களின் மூளையில் இன்சுலா என்ற பகுதி விழித்துக்கொள்கிறது; ஏதோ சரியில்லை என்று அறிவிக்கிறது. இவர்களிடம் அந்தப் பகுதி, கிடைத்த தொகை பெரிதா சிறிதா என்று பிரித்துக் காட்டவில்லை. இதை இப்படிப் புரிந்துகொள்ளலாம்: குறைவாகக் கிடைப்பது இவர்களுக்குப் புதுச் செய்தியே இல்லை. உலகம் அப்படித்தான் நடக்கும் என்று முன்பே தெரிந்துவைத்திருக்கிறார்கள்.

இந்த ஆய்விலிருந்து சிகிச்சையாளர் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் நேரானது. முறிந்த உறவை ஒட்டும் வித்தை நோயாளியிடம் இல்லை. அதற்காகத்தான் அவர் சிகிச்சைக்கே வந்திருக்கிறார். எனவே முதல் அடியை எடுத்துவைக்க வேண்டியவர் சிகிச்சையாளர். ஒவ்வொரு முறையும்.

எப்படி? நடக்கக்கூடிய ஒரு காட்சி. பேச்சின் நடுவே மருத்துவர் சுவர்க்கடிகாரத்தைப் பார்க்கிறார். "என்னைப் பார்த்தாலே உங்களுக்குச் சலிப்பு டாக்டர், எல்லாரையும் போலத்தான் நீங்களும்" என்கிறார் அந்த மாணவி. "அப்படியெல்லாம் இல்லம்மா" என்று மறுப்பது சுலபம். ஆனால் மாணவி கண்ணால் கண்டதை அது பொய்யாக்குகிறது. "இப்படியே எல்லாரையும் சந்தேகப்பட்டுத்தான் உங்க வாழ்க்கை இப்படி இருக்கு" என்று விளக்கம் சொல்வது இன்னும் சுலபம். அது அடி. நல்ல சிகிச்சையாளர் இப்படிச் சொல்வார்: "ஆமாம்மா, கடிகாரத்தைப் பார்த்தேன். ஐந்தரைக்கு வார்டில் ஒருத்தரைப் பார்க்கணும். வந்ததுமே உங்ககிட்ட சொல்லியிருக்கணும், சொல்லல. நான் பார்த்தப்போ உங்களுக்கு என்ன தோணிச்சு?" கண்டது உண்மை என்பது உறுதியாகிறது. அதற்குத் தான் கொடுத்த அர்த்தம் ஒன்றே ஒன்றல்ல என்பதும் மெல்லத் தெரியவருகிறது. லண்டனின் பீட்டர் ஃபோனகியும் ஆண்டனி பேட்மனும் உருவாக்கிய சிகிச்சை முறையின் உயிர்நாடி இதுதான். தன் மனதிலும் பிறர் மனதிலும் என்ன நடக்கிறது என்று நிதானமாக எண்ணிப்பார்க்கப் பழக்குவது அது. சிகிச்சையாளர் எல்லாம் அறிந்தவராக உட்காரக்கூடாது, தெரியாததைத் தெரியாது என்று சொல்லிக் கேட்க வேண்டும் என்பது அதன் விதி. தங்களிடம் பதினெட்டு மாதம் சிகிச்சை பெற்றவர்களையும் வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களையும், ஆய்வு தொடங்கி எட்டு ஆண்டுகள் ஆனபோது அவர்கள் தேடிப் பார்த்தார்கள். வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 74 சதவீதம் பேர் அந்த இடைக்காலத்தில் தற்கொலைக்கு முயன்றிருந்தார்கள். இந்தச் சிகிச்சை பெற்றவர்களில் 23 சதவீதம்.

மார்ஷா லினஹனின் கதை இங்கே சொல்லப்பட வேண்டியது. 1961இல், பதினேழு வயதில், அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் நகரிலுள்ள 'இன்ஸ்டிட்யூட் ஆஃப் லிவிங்' மனநல மருத்துவமனையில் அவர் சேர்க்கப்பட்டார். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அங்கே இருந்தார். பல நாட்கள் தனி அறையில் அடைக்கப்பட்டார். வெளியே வந்து, படித்து, உளவியலாளராகி, தன்னைப் போன்றவர்களுக்கென்றே ஒரு சிகிச்சையை வகுத்தார். அதன் பெயர் டி.பி.டி. நீ இருக்கிறபடியே உன்னை ஏற்கிறேன், ஆனால் நீ மாறியாக வேண்டும் என்ற இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிற சிகிச்சை. 1991இல் அதன் முதல் ஆய்வு வெளிவந்தது. ஆறில் ஐந்து பேர் ஓராண்டு முழுதும் அதே சிகிச்சையாளரிடம் தொடர்ந்தார்கள். பாதியில் ஓடிவிடுவார்கள் என்று பெயரெடுத்த நோயாளிகள் இவர்கள்! 2011இல், அதே ஹார்ட்ஃபோர்ட் மருத்துவமனையின் அரங்கில் நின்று, தானும் இங்கே நோயாளியாக இருந்தவள் என்று லினஹன் முதன்முறையாகப் பகிரங்கமாகச் சொன்னார். அப்போது அவருக்கு வயது 68.

லினஹனின் முறையில் ஊன்றிக் கவனிக்க வேண்டியது அதன் கண்டிப்பு. சிகிச்சை தொடங்கும் முன்பே எல்லாம் பேசி முடிவாகிறது. நெருக்கடி வரும்போது இடையில் தொலைபேசியில் அழைக்கலாம். ஆனால் தன்னைக் காயப்படுத்திக்கொண்ட பிறகு இருபத்துநான்கு மணி நேரத்துக்கு, உயிருக்கு ஆபத்தில்லாதவரை, அழைப்பு கிடையாது. அழைக்க வேண்டியது அதற்கு முன்னால் என்பதே அதன் கருத்து. தொடர்ந்து நான்கு சந்திப்புகளுக்கு வராவிட்டால் அந்தச் சிகிச்சை முடிந்தது. கேட்பவருக்கு இது கல்நெஞ்சாகத் தோன்றலாம். உண்மையில் இது கருணையின் கறாரான வடிவம். மனநிலைக்கு ஏற்ப மாறும் பெரியவர்களிடம் வளர்ந்த ஒரு பிள்ளைக்கு, மாறாத விதி என்பது வாழ்க்கையில் முதல்முறையாகக் கிடைக்கும் தரை.

நம் ஊர்களில் நடக்கும் தவறு இதற்கு நேர் எதிரானது. பரிவு மிகுந்த இளம் ஆலோசகர் முதல் நாளே சொல்லிவிடுகிறார்: "எப்ப வேணும்னாலும் கூப்பிடு, நான் இருக்கேன்." நோயாளி அதை அப்படியே எடுத்துக்கொள்கிறார். இரவு ஒரு மணி, இரண்டு மணி. ஒரு மாதத்தில் ஆலோசகரின் வீடு அலைபேசியைக் கண்டு அஞ்சுகிறது. பிறகு ஒருநாள் அழைப்பு எடுக்கப்படுவதில்லை, எண் தடைசெய்யப்படுகிறது, 'வேறு யாரையாவது பாருங்கள்' என்று ஒரு குறுஞ்செய்தி போகிறது. கைவிடப்படுவேன் என்று பயந்துகொண்டிருந்தவர் கைவிடப்பட்டுவிட்டார். இம்முறை கைவிட்டது உதவ வந்த கை. காப்பாற்ற முடியாத வாக்குறுதியைவிடக் காப்பாற்றக்கூடிய சிறு வாக்குறுதி ஆயிரம் மடங்கு மேல். 'வியாழக்கிழமை மாலை நாலரை முதல் ஐந்தேகால் வரை' என்று சொல்லிவிட்டு, அந்த முக்கால் மணி நேரமும் முழுதாக இருப்பது போதும்.

இந்தத் தீவில் உள்ள பெரியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. 2004இல் கோஸ்ரீ பாலங்கள் திறக்கும் வரை வைப்பின்காரர்கள் எறணாகுளம் போகப் பெரும்பாலும் படகையே நம்பி வாழ்ந்தார்கள். படகோட்டி சிரித்துப் பேசுகிறாரா என்று யாரும் பார்க்கவில்லை. சொன்ன நேரத்துக்குப் படகு வர வேண்டும், கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்பது முன்பே தெரிய வேண்டும். சிகிச்சையில் நம்பிக்கையும் இந்த வகையைச் சேர்ந்தது.

இந்தியாவில் இதைச் சொல்லும்போது ஓர் எதிர்க்குரல் எழும். நம் மரபில் குரு உண்டே, மருத்துவரைத் தெய்வமாக நம்புகிற பண்பாடு உண்டே, அதைப் பயன்படுத்தினால் என்ன? இந்தக் கேள்வியை மரியாதையோடு எழுப்பியவர் ஜஸ்வந்த் சிங் நேகி. பஞ்சாபிக் கவிஞர், மனநல மருத்துவர். 1973இல் எழுதிய கட்டுரையில், குரு சீடன் உறவை இந்திய உளவழிச் சிகிச்சைக்கு ஒரு மாதிரியாகக் கொள்ளலாம் என்றார். மேற்கத்தியச் சிகிச்சை, நோயாளி சார்ந்து நிற்பதைக் கண்டு பயப்படுகிறது; நம் சமூகத்தில் சார்ந்து நிற்பது குறையல்ல, உறவின் இயல்பு என்பது அவர் வாதம். பல நோயாளிகளுக்கு அவர் சொன்னது சரி. கிராமத்திலிருந்து வந்த ஒரு விவசாயியிடம் மருத்துவர் நேராக வழிகாட்டினால்தான் நம்பிக்கை வரும். 'நீங்களே யோசியுங்கள்' என்றால் மருத்துவருக்கு விஷயம் தெரியவில்லை என்று எழுந்து போய்விடுவார்.

ஆனால் எல்லைநிலைக் கோளாறு உள்ளவரிடம் குருவின் ஆசனத்தில் ஏறி உட்காருவது ஆபத்தானது. அவர் முதல் வாரமே மருத்துவரைத் தெய்வமாக்கிவிடுவார்; 'உங்களைப் போல யாருமே என்னைப் புரிந்துகொண்டதில்லை' என்பார். அந்தப் புகழை ரசிக்கும் மருத்துவர் மூன்றாம் மாதம் அதே வாயிலிருந்து தான் அசுரன் என்று கேட்கத் தயாராக இருக்க வேண்டும். தெய்வம் தவறு செய்யக்கூடாது. மருத்துவர் தவறு செய்வார். ஆகவே முதல் நாளே ஆசனத்திலிருந்து இறங்கிக்கொள்வது நல்லது: "சில நேரம் நான் தப்பாப் புரிஞ்சுக்குவேன். அப்போ எங்கிட்டயே சொல்லுங்க. வராம இருந்துடாதீங்க." நேகி காட்டிய அரவணைப்பை வைத்துக்கொண்டு, பீடத்தை மட்டும் விட்டுவிட வேண்டும்.

அடுத்தது குடும்பம். இந்தியாவில் மனநோயாளி தனியாக வருவதில்லை. அது நம் பெரும் பலம். அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் 1950களில் மருத்துவர் வித்யா சாகர், வளாகத்தில் கூடாரம் அடித்து நோயாளிகளின் குடும்பங்களை அவர்களோடேயே தங்கவைத்தார். வேலூர் சி.எம்.சி. 1957இல் பாகாயத்தில் தொடங்கிய மனநல மையம் அந்த வழியையே தன் முறையாக்கிக்கொண்டது. உறவினர் கூடவே தங்குகிறார், நோயைப் பற்றிக் கற்றுக்கொள்கிறார், வீடு திரும்பிய பிறகும் பார்த்துக்கொள்கிறார். மனச்சிதைவு போன்ற நோய்களில் இதன் பயனை உலகமே ஒப்புக்கொண்டது.

ஆளுமைக் கோளாறில் கொஞ்சம் சிக்கல். பலருக்குக் காயம் பட்ட இடமே வீடு. நம் புறநோயாளிப் பிரிவில் நடப்பது தெரிந்ததுதான்: மகள் நாற்காலியில், அம்மா பக்கத்தில், அப்பா பின்னால், அண்ணன் கதவருகே. மருத்துவர் மகளைக் கேட்கிறார். அம்மா பதில் சொல்கிறார். அந்தப் பெண் அந்த அறையில் உண்மையைப் பேச வாய்ப்பே இல்லை. கொச்சி மட்டாஞ்சேரியின் தமிழ்க் குடும்பங்களுக்கு இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. வீட்டில் தமிழ், ஆஸ்பத்திரியில் மலையாளம். அன்றாட வேலைக்கு அந்த மலையாளம் தாராளமாகப் போதும். சின்ன வயதில் நடந்த ஒரு கொடுமையைச் சொல்ல அது போதாது. அப்போது மொழிபெயர்க்க உட்காருவது மறுபடியும் குடும்பத்தில் ஒருவர்தான். குடும்பத்தை வெளியே தள்ள வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. ஒவ்வொரு சந்திப்பிலும் முதல் பத்து நிமிடமாவது நோயாளி தனியே பேசட்டும். எதை வீட்டாரிடம் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்று மருத்துவர் அவரிடமே கேட்டு முடிவு செய்யட்டும். அதன்பின் குடும்பம் உள்ளே வரட்டும். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் சொல்லியாக வேண்டியிருக்கும் என்பதையும் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் இந்த இரகசியக் காப்பை நோயாளியின் உரிமையாக எழுதிவைத்திருக்கிறது.

சட்டம் என்றதும் ஒரு பழைய கறையைச் சொல்லியாக வேண்டும். இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309ஆவது பிரிவு தற்கொலை முயற்சியைக் குற்றமாக வைத்திருந்தது. அதனால் என்ன நடந்தது? அவசரச் சிகிச்சைப் பிரிவின் வாசலிலேயே குடும்பம் பொய் சொன்னது: தெரியாமல் குடித்துவிட்டாள், வழுக்கி விழுந்துவிட்டாள், மாத்திரை மாறிப்போச்சு. போலீஸ் கேஸ் பயம். அந்தப் பொய்யை மருத்துவரும் கண்டுகொள்ளாமல் எழுதிக்கொண்டார். உயிர் பிழைத்தவர் கண்விழித்ததும் முதலில் கற்றுக்கொண்டது, இங்கே உண்மை பேசக்கூடாது என்பதைத்தான். 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த அதே மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆவது பிரிவு, முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது, அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்றது. 2024 ஜூலை முதல் தேதி நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் பழைய 309 இல்லை. சட்டம் மாறிவிட்டது. வாசலில் சொல்லும் பொய் இன்னும் முழுதாக மாறவில்லை, ஏனென்றால் மாறியது பலருக்குத் தெரியாது. இந்த அவையிலிருந்து போகிறவர்கள் நாலு வீட்டில் இதைச் சொன்னால் அதுவே பெரிய தொண்டு.

இவ்வளவும் பணக்கார நாடுகளுக்கு, நமக்கு ஏது ஆள், ஏது நேரம் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இந்தியாவில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை. டி.பி.டி.யை முழுதாகத் தர வாரம் ஒரு தனிச் சந்திப்பு, ஒரு குழு வகுப்பு, தொலைபேசி உதவி, சிகிச்சையாளர்களுக்கென ஒரு வாராந்திரக் கூட்டம் எல்லாம் வேண்டும். ஆனால் கனடாவின் டொராண்டோவில் 180 நோயாளிகளை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2009இல் வெளிவந்தது. பாதிப் பேருக்கு முழு டி.பி.டி. மீதிப் பேருக்கு, இந்தக் கோளாறை நன்றாகப் புரிந்துகொண்ட மருத்துவர்கள் வாரம் ஒருமுறை தரும் ஒழுங்கான பொதுச் சிகிச்சை. ஓராண்டு முடிவில் இரண்டு கூட்டத்தாரும் ஏறக்குறைய ஒரே அளவு தேறியிருந்தார்கள். ஒழுங்கான சிகிச்சைக்கு வேண்டியவை இவை: நோய் என்ன என்று மறைக்காமல் சொல்வது, இலக்கைச் சேர்ந்து தீர்மானிப்பது, நெருக்கடி வந்தால் என்ன செய்வது என்று முன்பே எழுதிவைப்பது, பழித்துப் பேசாமல் இருப்பது, சிகிச்சை தருபவரும் தன் கலக்கத்தை இன்னொருவரிடம் பேசுவது. இவற்றுக்குப் பெரிய கட்டடம் வேண்டாம்.

இன்னொரு நற்செய்தி. இந்தக் கோளாறு தீராது என்று பழைய பாடப்புத்தகங்கள் சொல்லிவந்தன. அமெரிக்காவின் மக்லீன் மருத்துவமனையில் மேரி சனரினி 290 நோயாளிகளைப் பத்தாண்டுகள் தொடர்ந்து பார்த்தார். 93 சதவீதம் பேருக்குக் குறைந்தது இரண்டு ஆண்டுகளாவது நோய்க்குறிகள் அடங்கியிருந்தன. வேலையும் உறவும் அமைந்து முழுதாக மீண்டவர்கள் மொத்த நோயாளிகளில் பாதிப் பேர். 2010இல் இந்தக் கணக்கு வெளிவந்தபின் 'இவர்கள் திருந்த மாட்டார்கள்' என்று சொல்ல எந்த மருத்துவருக்கும் உரிமையில்லை.

நம் அரசு மருத்துவமனைகளிலும் கல்லூரி மருத்துவமனைகளிலும் உடனே மாற்றக்கூடிய ஒன்று உண்டு. முதுநிலை மாணவர்கள் சில மாதங்களுக்கு ஒருமுறை பிரிவு மாறுகிறார்கள். பயிற்சிக்கு அது தேவை. ஆனால் நோயாளிக்கு அதை யாரும் சொல்வதில்லை. வியாழக்கிழமை சீட்டு எடுத்து வரிசையில் நின்று உள்ளே போனால் வேறு முகம்: "சொல்லுங்க, என்ன பிரச்சினை?" முதலிலிருந்து எல்லாம் மறுபடியும். மற்ற நோயாளிக்கு இது சலிப்பு. இவருக்கு இது கைவிடல். அன்று மாலை அவர் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு வந்தால் 'டிராமா' என்று குறிப்பெழுதுவார்கள். இங்கிலாந்தின் 2009ஆம் ஆண்டு வழிகாட்டி நெறி, சிகிச்சை முடிவதும் ஆள் மாறுவதும் இவர்களுக்குக் கடும் கலக்கத்தைத் தரும் என்று குறிப்பிட்டு, அதை முன்பே திட்டமிட்டுப் படிப்படியாகச் செய்யச் சொல்கிறது. இதற்குப் பணம் வேண்டாம். போகிற மருத்துவர் ஒரு மாதம் முன்பே சொல்லட்டும். வருகிறவரை ஒரு சந்திப்பில் கூட உட்காரவைத்து அறிமுகப்படுத்தட்டும். முடிந்தால், தன்னைக் காயப்படுத்திக்கொண்ட வரலாறு உள்ள நோயாளிகளை மட்டுமாவது, மாறிப்போகாத ஒரு மூத்த மருத்துவரோ சமூகப் பணியாளரோ தொடர்ந்து பார்க்கட்டும். கொச்சியிலும் சென்னையிலும் கொழும்பிலும் இதைக் கேட்கும் துறைத் தலைவர்களிடம் வைக்கும் வேண்டுகோள் இது ஒன்றுதான்.

வீட்டில் இப்படி ஒரு மகனோ மகளோ மனைவியோ இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. மிரட்டலுக்குப் பயந்து கேட்டதெல்லாம் கொடுப்பதும், கோபத்தில் பேச்சையே நிறுத்துவதும் இரண்டும் வேண்டாம். செய்ய முடிந்ததை மட்டும் சொல்லுங்கள், சொன்னதைச் செய்யுங்கள். அவர்கள் நல்ல நிலையில் இருக்கும் நாளிலும் பக்கத்தில் போய் உட்காருங்கள். துன்பப்பட்டால்தான் வருவார்கள் என்ற கணக்கு அப்போதுதான் உடையும். மருத்துவரை மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள். தாங்க முடியாத நேரத்தில், இரவோ பகலோ, 14416 என்ற எண்ணுக்கு அழையுங்கள். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவை அது. கட்டணம் கிடையாது, தமிழிலும் பேசலாம், மலையாளத்திலும் பேசலாம்.